இரட்டைக்குட்டிக்கு இரண்டு தீவனம்

அந்த யோசனை என்னுடையது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் அதைப் பேராசிரியர் தலையில் போட வேண்டாம்.

கல்லூரிக் கூட்டத்தில் நான்கு துறைக்காரர்களும் நானும் இருந்தோம். பேராசிரியர் விஜயராஜ் கால்நடைத் தீவனம் படித்தவர், திட்டத்தின் தலைவர். பிரேமலதா மேடம் பொருளாதாரம். ரூபஸ் வேதியியல் ஆய்வகத்தில் என்னைப் போல ஒரு ஆய்வு உதவியாளன். புள்ளியியல்காரர் மதுரையிலிருந்து கணினித் திரையில் மட்டும் வருவார், பாதி நேரம் அவருடைய நெற்றிதான் தெரியும். நான் களப்பணி. வெயிலில் போகிறவளுக்கு அவர்கள் வைத்திருக்கிற பெயர் அது.

கேள்வி இதுதான். எங்கள் கரிசக்காட்டில் மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் காய்க்கிற ஒரே மரம் சீமைக்கருவேலம். அதன் நெத்து, முற்றிக் காய்ந்த காய், இனிக்கும். ஆடு ஓடி ஓடித் தின்னும். ஆனால் கொட்டை செரிக்காமல் புழுக்கையோடு விழும், விழுந்த இடத்தில் முளைக்கும், முளைத்தது இன்னொருத்தர் புஞ்சையைத் தின்னும். அந்த நெத்தைக் காயவைத்து, கொட்டையும் நொறுங்கும்படி அரைத்து, உளுந்தம்பொட்டு கலந்து கொடுத்தால், கடையில் விற்கிற மக்காச்சோளத் தீவனத்துக்கு ஈடாக ஆடு வளருமா? வளர்ந்தால் எங்கள் ஊர்ப் பெண்கள் குழுவுக்கு ஒரு அரவை இயந்திரம் வரும். திட்டத்தின் ஆறாம் பக்கத்திலேயே அது அச்சாகி இருந்தது.

புள்ளியியல்காரருக்கு ஒரு கவலை. ஒரு வீட்டு ஆடு மாதிரி இன்னொரு வீட்டு ஆடு இருக்காது, ஒருத்தி நன்றாகப் பார்ப்பாள், ஒருத்தி பார்க்க மாட்டாள், அந்த வித்தியாசத்தை எப்படிக் கழிப்பது என்றார். நான் கையைத் தூக்கினேன்.

"சார், நம்ம பக்கத்துக் கன்னி ரக ஆடு பெரும்பாலும் ரெண்டு குட்டிதான் போடும். ரெட்டைக் குட்டியாவே எடுப்போம். ஒரே தாய், ஒரே வீடு, ஒரே மேய்ச்சல். ஒண்ணுக்கு நெத்துத் தீவனம், ஒண்ணுக்குக் கடைத் தீவனம்."

நெற்றி மேலே ஏறி முழு முகமும் தெரிந்தது. "பிரமாதம்மா" என்றது அந்த முகம்.

இரண்டு நாள் என் கால் தரையில் படவில்லை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலைத் தாண்டிப் படித்த முதல் ஆள் நான். அம்மா தீப்பெட்டி ஆபீசில் தீக்குச்சிக் கட்டை அடுக்கி என்னைப் படிக்க வைத்தாள். அந்தக் கூட்டத்தில் நான் சொன்னதை நாலு பேர் எழுதிக்கொண்டார்கள் என்று அவளிடம் சொன்னபோது, "ஆட்டப் பத்தியா எழுதுனாவ?" என்று மட்டும் கேட்டாள்.

ஆய்வுக்கு எங்கள் ஊரையே எடுத்தோம். ஓட்டப்பிடாரம் போகிற ரோட்டிலிருந்து உள்ளே மூன்று கிலோமீட்டர். எங்கள் தெருவில் பன்னிரண்டு வீடு, வீட்டுக்கு ஒரு ஜோடி, மொத்தம் இருபத்து நாலு கிடாக்குட்டிகள். எல்லாம் கருப்பு, முகத்தில் மட்டும் வெள்ளைக் கோடு. நெத்து தின்கிற குட்டிக்குக் கழுத்தில் சிவப்புப் பட்டை, கடைத் தீவனம் தின்கிறதுக்கு நீலப் பட்டை. சிவப்புப் பட்டைக்குச் சிவப்பு வாளி, நீலத்துக்கு நீல வாளி. ஜெபக்கூடத்தில் பெண்களை உட்காரவைத்து இரண்டு முறை விளக்கினேன். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். திரும்பி வரும்போது காரில் பேராசிரியர் கேட்டார், "இவங்களுக்குப் புரிஞ்சிருக்குமா?"

"நம்மளவிட நல்லாவே புரியும் சார்" என்றேன். எரிச்சலாக இருந்தது. அவர்கள் ஆடு வளர்க்க ஆரம்பித்தபோது அவருடைய துறையே கிடையாது.

அறுபது நாள். பதினைந்து நாளுக்கு ஒரு தடவை எடை. வேப்பங்கிளையில் தொங்குதராசைக் கட்டி, சாக்கில் நாலு ஓட்டை போட்டுக் குட்டியின் கால்களை அதில் நுழைத்துத் தூக்குவேன். குட்டி என் சட்டை மேல் மூத்திரம் பெய்யும். சுற்றி நிற்கிறவர்களுக்கு அது திருவிழா.

"ஏட்டி ஜீனா, பட்டணத்துல போயிப் படிச்சது ஆட்டுக்குத் தொட்டில் ஆட்டவா?" என்பாள் சந்தனமேரி அத்தை. பெண்கள் குழுவின் தலைவி அவள். அத்தை முறை சும்மா இல்லை, அப்பாவின் சித்தப்பா மகள்.

"தொட்டில்ல போட ஒனக்குப் பேரன் இல்லல்லா, அதான் ஆட்டப் போடுதேன்."

"பாருங்கட்டி வாய!"

மேய்ச்சல் மட்டும் போகிற வேறு பத்துக் குட்டிகளையும் ஊருக்குள் எடை போட்டு எழுதிவைத்தேன். யாரும் கேட்கவில்லை, என் ஆசைக்கு. உண்மையைச் சொன்னால் எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. காலையில் கரிசல் வெடிப்பில் கால் மாட்டாமல் தாண்டித் தாண்டிப் போவது, ஒரு குட்டி போன முறையைவிட எழுநூறு கிராம் கூடியிருப்பதைப் பார்ப்பது, அதை நோட்டில் என் கையால் எழுதுவது. உதவித்தொகைப் படிவத்தில் 'பணியில் திருப்தி உண்டா' என்று கேட்டு ஒரு கட்டம் இருக்கும். அந்த ஒரு கட்டத்தில் மட்டும் நான் பொய் சொன்னதில்லை.

அறுபதாம் நாள் கணக்கு வந்தது. சிவப்புப் பட்டை சராசரி நாலு கிலோ நூறு கூடியிருந்தது. நீலப் பட்டை நாலு கிலோ. வித்தியாசமே இல்லை. முள்மரத்து நெத்தும் கடை மக்காச்சோளமும் ஒன்று. பேராசிரியர் எல்லோருக்கும் டீயும் முட்டை பப்ஸும் வாங்கிக் கொடுத்தார். பத்து நாளில் திட்டத்தை மதிப்பிட ஆய்வுக்குழு வரும், இந்த ஒரு அட்டவணை போதும், திட்டம் நீளும், அதோடு என் வேலையும் இன்னும் ஒரு வருஷம் நீளும், இயந்திரமும் வந்துவிடும். அந்த மாசக் கடைசியோடு என் நியமனம் முடிகிறது. பப்ஸ் ருசியாக இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

மூன்றாம் நாள் ரூபஸ் ஆய்வகத்திலிருந்து கூப்பிட்டான். புழுக்கை மாதிரிகளை அவனுக்குத்தான் அனுப்புவேன், சிவப்புப் பை, நீலப் பை என்று பிரித்து. கொட்டை நன்றாக நொறுங்கியிருக்கிறதா, எதுவும் முளைக்குமா என்று அவன் பார்க்க வேண்டும்.

"ஜீனா, பை மாத்தி ஒட்டிட்டியா?"

"எந்தப் பை?"

"நீலப் பையிலயும் நெத்துக் கொட்டைத் தோல் வருது. பன்னெண்டுலயும்."

"மேய்ச்சல்ல தின்னுருக்கும்."

"மேய்ச்சல்ல தின்னா முழுக் கொட்டைல்லா வரணும்? இது அரைச்ச கொட்டை. நம்ம காலேஜ் மில்லுல அரைச்ச சைஸு. நீதான் எங்கயோ கொழப்பிட்ட."

"நான் கொழப்பல."

"அப்ப ஆடு நீல வாளிய விட்டுட்டு சிவப்பு வாளிக்குப் போயி கையெழுத்துப் போட்டுத் தின்னுச்சாக்கும்?"

போனை வைத்துவிட்டேன். முதல் சந்தேகம் எப்போதும் களத்துக்குப் போகிறவள் மேல்தான் வரும். ஆய்வகத்தில் ஏசிக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறவன் கை தவறாது, இல்லையா. ஆனால் பன்னிரண்டு பையிலும் என்றால் அது ஒட்டுகிற தப்பு இல்லை என்று எனக்கே தெரிந்தது.

மறுநாள் நான் தங்கியிருக்கிற கோவில்பட்டியிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்தேன். சொல்லாமல் போனேன். அறுபது நாள் முடிந்தாலும் மிச்சத் தீவனம் ஓடிக்கொண்டிருந்தது, வைக்கிற நேரம் காலை ஏழு. சந்தனமேரி அத்தை வீட்டுக் கொல்லையில் நான் நுழைந்தபோது அவள் குத்தவைத்து உட்கார்ந்து, சிவப்பு வாளியையும் நீல வாளியையும் ஒரு சிமிண்டுத் தொட்டியில் கவிழ்த்து, கழனித்தண்ணி ஊற்றிக் கையால் பிசைந்துகொண்டிருந்தாள். இரண்டு குட்டியும் தலையோடு தலை முட்டிக்கொண்டு நின்றன.

"அத்த! என்ன செய்யுத?"

அவள் பதறவே இல்லை. "வாட்டி. காப்பி குடிச்சியா?"

"எதுக்கு ரெண்டையும் கலக்குத? சிவப்புக்குச் சிவப்புன்னு எத்தனை தடவ சொன்னேன்?"

"சொன்ன."

"தலைய ஆட்டுனியே?"

"நீ வெயில்ல நின்னு தொண்ட கிழியச் சொல்லுத. ஆட்டாம என்ன செய்ய?" கையைத் தொட்டி விளிம்பில் வழித்தாள். "ஏட்டி, இது ரெட்டைப் பிள்ளைய. ஒரு வயித்துல கெடந்தது. ஒண்ணுக்கு ஒண்ணு வச்சிட்டு இன்னொண்ணுக்கு வேற வச்சா, அது இதோட மொகத்தப் பாத்துக்கிட்டு நிக்கும். ஏங்கிப் போயிராதா? நம்ம தெரு செலஸ்டின் மக, ரெட்டைப் பயலுவள்ல ஒருத்தனுக்குக் காய்ச்சல்னு சொல்லி ரெண்டு பேருக்கும்லா கஞ்சி குடுத்தா. ஒனக்குத் தெரியாதா?"

தெரியும். அதுதான் கொடுமை. எங்கள் தெருவில் இரட்டைப் பிள்ளைகளில் ஒருத்தனுக்கு ஐஸ் வாங்கினால் இன்னொருத்தனுக்கும் வாங்கியாக வேண்டும், இல்லாவிட்டால் விட்டுப்போனவன் மெலிந்துவிடுவான் என்பது பிறந்ததிலிருந்து நான் கேட்டு வளர்ந்தது. கல்லூரி மேசையில் கையைத் தூக்கியபோது அது என் தலையில் எங்கே போயிற்று? புள்ளியியல்காரருக்கு இரட்டைக்குட்டி என்றால் கணக்குச் சுத்தம். எங்கள் தெருவுக்கு ஒரே தட்டு. இரண்டையும் தெரிந்த ஒரே ஆள் அந்த அறையில் நான்தான்.

வீடு வீடாகப் போனேன். எல்லா வீட்டிலும் ஒரே கதை. கடைசி வீட்டு ராமலட்சுமி மட்டும் கலக்கவில்லை. எனக்கு உயிர் வந்தது.

"நான் நீ சொன்ன பேச்ச மீறல" என்றாள் அவள். "சிவப்புக் கழுத்துக்குச் சிவப்பு வாளி, நீலக் கழுத்துக்கு நீல வாளி. இன்னைக்கு வரைக்கும் மாத்துனதில்ல."

"அப்புறம் எப்படிக்கா நீலப் பையில நெத்து வருது?"

"ஒருநா விட்டு ஒருநா பட்டைய மாத்திப் போட்டுருவேன்."

நான் அவள் வீட்டுப் படியில் உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது, ஆனால் சிரிப்புத்தான் முந்திக்கொண்டது. ராமலட்சுமி பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தாள்.

பஸ்ஸில் திரும்பும்போது ரூபஸ் மறுபடி கூப்பிட்டான். நடந்ததைச் சொன்னேன்.

"சாம்பிள் மாறிப்போச்சுன்னு நான் எழுதிக்கிடுதேன்" என்றான் மெதுவாக. "நீலப் பை மொத்தத்தையும் தள்ளிருவோம். எடை அட்டவணை மட்டும் போகட்டும். ஒரு பயலுக்கும் தெரியாது."

நல்ல மனதோடுதான் சொன்னான். என் வேலை போகக் கூடாது என்றுதான். கயத்தாறு விலக்கு வரை எனக்கும் அது சரியென்றே பட்டது. அப்புறம் வேறொன்று தோன்றியது. இயந்திரம் வரும். பன்னிரண்டு வீடும் நெத்தை மட்டும் அரைத்துப் போடும். ஒருவேளை நெத்து மட்டும் பத்தாமல் குட்டி மெலிந்தால்? அப்போது இன்னொரு குழு வரும், இன்னொரு அறிக்கை எழுதும். 'பயனாளிகளுக்கு முறையாகத் தீவனமிடத் தெரியவில்லை' என்று அதில் ஒரு வரி இருக்கும். அந்த வரியை நான் நிறைய அறிக்கையில் வாசித்திருக்கிறேன். சந்தனமேரி அத்தைக்கு ஆடு வளர்க்கத் தெரியாது என்று ஒருத்தன் எழுத, அதற்கு நான் அடிப்படை போட்டுக் கொடுப்பதா? போடி என்றது என் மனசு.

"ரூபஸ், நீ ஒண்ணும் எழுதாத. நான் எழுதுதேன்."

"வேலை போயிரும் ஏட்டி."

"போகட்டும்."

வாய்தான் அப்படிச் சொன்னது. வயிறு சொல்லவில்லை.

பேராசிரியர் நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிரேமலதா மேடமும் அங்கே இருந்தார்.

"பாதிக்குப் பாதி கலந்த தீவனம்னு புதுசா ஒரு பிரிவு காட்டலாமே?" என்றார் பேராசிரியர்.

"அளந்து கலக்கல சார். கையால அள்ளிப் போட்டிருக்காங்க. ராமலட்சுமியக்கா வீட்டுல பட்டையே மாறியிருக்கு."

"நீ ட்ரெய்னிங் ஒழுங்கா குடுத்திருந்தா..."

"ட்ரெய்னிங் ஒழுங்காத்தான் குடுத்தேன். யோசனைதான் தப்பு. அது என் யோசனை. அவங்க மேல எழுதுனா நான் ஒத்துக்க மாட்டேன்."

குரல் உயர்ந்துவிட்டது. அவர் முகம் சிவந்தது. பிறகு அவர் கேட்டதை நான் எதிர்பார்க்கவில்லை.

"சரி. வீட்டுக்கு ஒரு தீவனம்னு வச்சா? ஒரு வீட்டுல ரெண்டு குட்டிக்கும் ஒண்ணே."

"அப்பவும் பக்கத்து வீட்டுக்குக் கிண்ணத்துல போகும் சார். எங்க தெருவுல எது வந்தாலும் அப்படித்தான்."

"ஒருத்தருக்கொருத்தர் குடுத்து வாங்கிக்காத ரெண்டு தெரு இருக்கா உங்க ஊர்ல?"

"இருக்கு சார். எங்க தெருவும் வடக்குத் தெருவும். தண்ணிகூடக் கலக்காது. ஆராய்ச்சிக்கு ரொம்ப வசதி."

அவருக்குப் புரிய இரண்டு விநாடி ஆனது. பிரேமலதா மேடம் பேனாவை மூடினார்.

"அது வேண்டாம் விஜயராஜ்" என்றார் அவர். "ரெண்டு ஊரா வைங்க. ஒரு ஊர் முழுக்க நெத்து, ஒரு ஊர் முழுக்கக் கடைத் தீவனம். அடுத்த தடவை புதுக் குட்டிகளுக்கு ஊர் மாத்தி. இந்தப் பொண்ணு சொல்றத ஒரு பக்கமா எழுதி அறிக்கையில சேருங்க. அவளே எழுதட்டும்."

எழுதினேன். ஒரே பக்கம். 'ஆடு வளர்ப்போர் இரட்டைக்குட்டிகளுக்கு வெவ்வேறு தீவனம் அளிப்பதில்லை. ஆய்வு வடிவமைப்பு இதைக் கணக்கில் கொள்ளவில்லை. பிழை வடிவமைப்பாளருடையது.' அதற்குக் கீழே இன்னொன்றையும் சேர்த்தேன். மேய்ச்சல் மட்டும் போன பத்துக் குட்டிகள் அதே அறுபது நாளில் சராசரி இரண்டு கிலோ இருநூறுதான் கூடியிருந்தன. அந்தப் பெண்கள் எதைக் கலந்தார்களோ, அது வேலை செய்திருக்கிறது. எவ்வளவு நெத்து, எவ்வளவு மக்காச்சோளம் என்பதுதான் தெரியாது.

ஆய்வுக்குழுவில் மூன்று பேர். தலைவர் ராமசுப்பு ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர். என் பக்கத்தை இரண்டு முறை வாசித்தார்.

"பன்னெண்டு வீடுமாம்மா?"

"பன்னெண்டும் சார். ஒரு வீட்டுல மட்டும் பட்டைய மாத்தியிருக்காங்க."

அவர் வாயைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. பக்கத்தில் இருந்தவர் சிரிக்கவில்லை. அரசுப் பணம், அறுபது நாள் வீண் என்று ஆரம்பித்து ஐந்து நிமிடம் பேசினார். அவர் சொன்னதிலும் தப்பில்லை, நின்று கேட்டுக்கொண்டேன். கடைசியில் முடிவு இப்படி வந்தது. ஒரு வருஷ நீட்டிப்பு இல்லை, ஆறு மாசம். இயந்திரம் புது முடிவு வந்த பிறகு. களப்பணியாளர் மாற வேண்டியதில்லை. பேராசிரியர் ஒரு வாரம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. எட்டாம் நாள், "இரண்டாவது ஊரை நீயே பார்" என்று ஒரு சீட்டு அனுப்பினார். குளத்தூர் பக்கம் ஒரு ஊரைப் பார்த்துவைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து பெண்கள் ஜெபக்கூட நிழலில் உட்கார்ந்திருந்தபோது விஷயத்தைச் சொன்னேன். இயந்திரம் தள்ளிப்போனது என்றதும் ஒரே கூச்சல்.

"ஆறு மாசமா? ஒன் வாய வச்சிக்கிட்டு ஒனக்குச் சும்மா இருக்க முடியாதா?" என்றாள் சந்தனமேரி அத்தை. "நாங்க கலக்குனது எங்களுக்குத் தெரியும், ஒனக்குத் தெரியும். அவியளுக்கு எதுக்குப் போயிச் சொல்லுத?"

"நாளைக்குக் குட்டி மெலிஞ்சா ஒன்னத்தான் அத்த சொல்லுவாவ. ஆடு வளக்கத் தெரியாதவன்னு."

"எவன் சொல்லுவான்?"

"எழுதியே வைப்பாவ."

அது அவளுக்கு உறைத்தது. முந்தானையை இழுத்துச் செருகினாள். "என்னையா? எழுதிப் பாக்கச் சொல்லு."

"அப்பம் இனி என்ன செய்யணும்?" என்றாள் ராமலட்சுமி.

"ஆடியில புதுக் குட்டி வரும். நம்ம ஊருக்கு நெத்துத் தீவனம் மட்டும். ரெண்டு குட்டிக்கும் ஒண்ணே. பக்கத்து வீட்டுக்கும் அதே."

"இதத்தானட்டி மொதல்லயே சொல்லியிருக்கணும்?"

"ஆமா. சொல்லியிருக்கணும்."

நான் ஒத்துக்கொண்டது அவர்களுக்கு ஏமாற்றமாக இருந்தது போல. சண்டை போட ஆளில்லை. சந்தனமேரி அத்தை மட்டும் யோசித்துக்கொண்டிருந்தாள்.

"கடைத் தீவனம் எந்த ஊருக்கு?"

"குளத்தூர் பக்கம் ஒரு ஊரு."

"அந்த ஊருக்காரிய ஒழுங்கா வைப்பாளுவளா? கருவேல நெத்து அங்கனயும் ரோட்டோரம் கொட்டித்தான கெடக்கு. பெறக்கி இடிச்சிப் போட்டுட்டு ஒங்கிட்டத் தலைய ஆட்டிட்டா?"

இதை நான் யோசிக்கவில்லை. பேராசிரியர் யோசிக்கவில்லை. மதுரை நெற்றியும் யோசிக்கவில்லை.

"அதுக்கு என்ன செய்யலாம் அத்த?"

"என்ன செய்ய? வாரத்துக்கு ஒருக்கா ரெண்டு பேரு போயி நிக்கணும். சொல்லாம போணும். தொட்டியில கைய விட்டு மோந்து பாத்தாத் தெரிஞ்சிரும், நெத்து வாடை மறையாது. நானும் ராமலட்சுமியும் போறோம்."

"இவளயா கூட்டிட்டுப் போற?" என்றாள் ஒருத்தி. "இவ அங்கன போயிப் பட்டைய மாத்திட்டு வந்துருவா."

எல்லோரும் சிரித்தார்கள். ராமலட்சுமி கோபித்துக்கொண்டு எழுந்தவள் மறுபடி உட்கார்ந்தாள். நான் நோட்டைத் திறந்து புதுப் பக்கத்தில் 'தீவனக் கண்காணிப்பு' என்று எழுதி, கீழே இரண்டு பேரையும் எழுதினேன். திட்டத்தில் அப்படி ஒரு பதவி கிடையாது. திங்கட்கிழமை போய் உண்டாக்கச் சொல்ல வேண்டும், பேராசிரியர் மாட்டேன் என்பார், பிரேமலதா மேடத்தைப் பிடிக்க வேண்டும்.

"குளத்தூர் பக்கம் போற வெளாத்திகுளம் பஸ்ஸு எத்தனை மணிக்குட்டி?" என்றாள் அத்தை.

"ஆறே கால்."

"அதுல போனா ஏழு மணிக்கு எட்ட முடியாது. முந்துன பஸ்ஸப் பாரு."